பெங்களூரில் குடியேறியவர்களின் அனுபவங்கள்: வீடு, தண்ணீர், பேருந்து, வண்டி

மருதநிலத்தான் எழுதியது:

மயிலாடுதுறைப் பக்கத்திலிருந்து பெங்களூருக்கு வேலை மாற்றலாகி வருகிறவனுக்கு முதல் அதிர்ச்சி வாடகையன்று, முன்பணம்தான். மாத வாடகையைப் போலப் பத்து மடங்குத் தொகையைக் கட்டிய பிறகே சாவி கைக்கு வரும் என்பது இங்கு நெடுநாள் வழக்கம். இப்போது ஐந்தாறு மாத வாடகைக்கு ஒத்துக்கொள்பவர்கள் இருக்கிறார்கள் என்றாலும், பழைய குடியிருப்புப் பகுதிகளில் பத்து என்ற கணக்கு எளிதில் அசைவதில்லை. காலி செய்யும்போது வண்ணம் பூசுவதற்கென ஒரு மாத வாடகையைப் பிடித்துக்கொண்டு மீதியைத் தருவார்கள். ஒப்பந்தம் பதினொரு மாதத்துக்குத்தான் எழுதப்படும். ஓராண்டைத் தாண்டினால் பதிவு செய்தாக வேண்டும் என்பதால் எல்லோரும் அந்த எல்லைக்குள்ளேயே நின்றுகொள்கிறார்கள். இதையெல்லாம் பொறுமையாக விளக்கிய தரகர், தமக்குரிய ஒரு மாத வாடகையை மட்டும் கடைசியில் சொன்னார்.

விஜயநகரில் எங்களுக்கு வீடு கொடுத்தவர் ஓய்வுபெற்ற அரசு ஊழியர், மண்டியா மாவட்டத்துக்காரர். அவருடைய தம்பி இன்றும் அங்கே விசுவேசுவரய்யா கால்வாய்ப் பாசனத்தில் கரும்பு பயிரிடுகிறார். நான் டெல்டாவிலிருந்து வருகிறேன் என்று தெரிந்ததும், என் சம்பளத்தைக் கேட்பதற்கு முன்பே, எங்கள் குடும்பத்துக்கு எத்தனை ஏக்கர் நிலம் என்றுதான் கேட்டார். ஒரே ஆற்றின் இரு முனைகளில் பிறந்தவர்கள் ஒரே வீட்டின் மேல்தளத்திலும் கீழ்த்தளத்திலும் குடியிருக்கப் போகிறோம் என்பது இருவருக்கும் புரிந்தே இருந்தது.

அது 2023ஆம் ஆண்டு. பருவமழை பொய்த்துவிட்டது. காவிரி மேலாண்மை ஆணையம் தமிழ்நாட்டுக்குத் தண்ணீர் திறக்கச் சொன்னதை எதிர்த்துச் செப்டம்பர் 26 அன்று பெங்களூரில் முழுஅடைப்பு அறிவித்தார்கள். 2016 செப்டம்பரில் தமிழ்நாட்டுப் பேருந்துகள் எரிக்கப்பட்டதை நினைவில் வைத்திருந்த உறவினர்கள் ஊரிலிருந்து ஓயாமல் அழைத்துக்கொண்டிருந்தார்கள். முழுஅடைப்புக்கு முந்தைய மாலை வீட்டுக்காரர் மாடியேறி வந்தபோது, சில நாள்களுக்கு வெளியூர் போய்விடச் சொல்லப் போகிறார் என்றே என் மனைவி எண்ணினாள். அவரோ, தெருவில் நிற்கும் எங்கள் தமிழ்நாட்டுப் பதிவெண் காரை உள்ளே கொண்டுவந்து நிறுத்தும்படி சொல்லிவிட்டு, அதற்கு இடம் வேண்டுமென்று தம் காரைத் தெருவுக்கு எடுத்துச் சென்றார். பிறகு உட்கார்ந்து காபி குடித்தபடி, குறுவைக்கும் சம்பாவுக்கும் நாங்கள் கேட்கும் தண்ணீர் நியாயமற்றது என்று ஒரு மணி நேரம் வாதிட்டார். சூன் 12இல் மேட்டூர் திறந்ததை நம்பி நாற்றுவிட்டவன் கருகும் பயிருக்கு என்ன பதில் சொல்வான் என்று நானும் விடாமல் கேட்டேன். இருவரில் ஒருவரும் விட்டுக்கொடுக்கவில்லை. அவர் இறங்கிப் போகும்போது, மறுநாள் பால்காரர் வரமாட்டார், இப்போதே வாங்கி வைத்துக்கொள்ளுங்கள் என்றார். முழுஅடைப்பு எங்கள் தெருவில் அமைதியாகவே கழிந்தது.

அடுத்த கோடையில் சண்டைக்குரிய தண்ணீரே இருவருக்கும் இல்லாமல் போயிற்று. இங்கே காவிரி நீர் ஏறத்தாழ நூறு கிலோமீட்டர் தொலைவிலிருந்து மேடேற்றி இறைக்கப்பட்டு வருகிறது. அது முறை வைத்துத்தான் வீட்டுத் தொட்டிக்கு வரும். இடைவெளியை ஆழ்துளைக் கிணறு நிரப்ப வேண்டும். 2024 மார்ச்சில் எங்கள் கிணறு வற்றியது. குடிநீரில் வண்டி கழுவினால் ஐயாயிரம் ரூபாய் அபராதம் என்று குடிநீர் வாரியம் அறிவித்த மாதம் அது. ஐந்து கிலோமீட்டருக்குள் 12,000 லிட்டர் லாரித் தண்ணீருக்கு ஆயிரம் ரூபாய் என்று மாவட்ட நிர்வாகம் விலை நிர்ணயித்த செய்தியை வீட்டுக்காரர் செய்தித்தாளிலிருந்து கத்தரித்து வைத்திருந்தார். அதை நீட்டியபோது, அந்த விலைக்கு வேண்டுமானால் விலை வைத்த அதிகாரியையே கொண்டுவந்து ஊற்றச் சொல்லுங்கள் என்று லாரி ஓட்டுநர் சிரித்தார். பேரம் பேசுவதில் வீட்டுக்காரருக்கு இருந்த திறமை எனக்கில்லை. ஆனால் விடியற்காலையில் விழித்திருந்து லாரிக்குக் கதவு திறக்கும் வேலையை நான் ஏற்றுக்கொண்டேன். வாடகை ஒப்பந்தத்தில் தண்ணீர்ச் செலவு குடியிருப்பவருடையது என்று எழுதியிருந்தும், அந்தக் கோடை முழுவதும் பாதித் தொகையை அவரே கொடுத்தார்.

அந்த ஆண்டு சூலையில் மழை பெய்து, வீட்டுக்காரரின் மண்டியா மாவட்டத்திலுள்ள கிருஷ்ணராஜசாகர் அணை நிறைந்தது; மாத இறுதியில் மேட்டூரும் 120 அடியைத் தொட்டது. அவருடைய அணைக்கு முழு நீர்மட்டம் 124.80 அடி. அன்றிலிருந்து காலையில் சந்திக்கும்போது வணக்கத்துக்குப் பதிலாக அணை மட்டத்தைத்தான் சொல்லிக்கொள்கிறோம்.

கொங்குநாட்டவள் எழுதியது:

மேலே ஐயா சொன்னது குடும்பத்தோடு வருகிறவர்களின் கதை. என்னைப் போலத் தனியாக வேலைக்கு வரும் பெண்கள் பெரும்பாலும் பி.ஜி. எனப்படும் விடுதிகளில்தான் தொடங்குகிறோம். முன்பணம் குறைவு, அறையோ மூவருக்கு ஒன்று. சாம்பாரில் வெல்லம் இருப்பதைப் பற்றி எல்லோரும் எழுதிவிட்டார்கள் என்பதால் அதை விட்டுவிடுகிறேன்.

எனக்கு இந்த நகரம் பழகியது வெளிவட்டச் சாலையில் ஓடும் 500டி பேருந்தில். 2023 சூன் 11 முதல் கர்நாடகத்தில் பெண்களுக்குச் சாதாரணப் பேருந்துகளில் கட்டணமில்லை. ஆனால் கர்நாடக முகவரியுள்ள அடையாள அட்டை வேண்டும். கோயம்புத்தூர் நகரப் பேருந்தில் ஏறும்போது எந்த ஊர்ப் பெண் என்று யாரும் கேட்டதில்லை. இங்கே சுற்றிலும் இருக்கும் பெண்கள் கட்டணமில்லாச் சீட்டை வாங்கிக்கொள்ள, நான் மட்டும் பணத்தை எடுத்து நீட்டுவேன். முதலில் அது சற்று உறுத்தியது. பிறகு, இந்த மாநிலத்தார் வரியில் நடக்கும் திட்டத்தில் அவர்களுக்கே முன்னுரிமை என்பது முறைதான் என்று தோன்றியது.

காலை நேரத்து நடத்துநர் அம்மா ஒருவர், சீட்டுக்காக நான் கொடுக்கும் ஒவ்வொரு ரூபாயையும் தம் பணமாகக் கருதினார். பார்க்கும்போதெல்லாம் "ஆதார் ஆய்த்தா?" என்று, அதாவது ஆதாரில் முகவரி மாற்றியாயிற்றா என்று கேட்பார். இன்னும் ஆகவில்லை என்று எனக்குத் தெரிந்த கன்னடத்தில் சொன்னால், வாக்கியத்தைத் திருத்திவிட்டுத்தான் சீட்டைக் கிழிப்பார். முகவரி மாற்றத்துக்கு வாடகை ஒப்பந்தம் கேட்டார்கள். விடுதிக்காரர் அதைத் தர மறுத்துவிட்டார். பின்னர் தோழியரோடு தனி வீடு எடுத்து, கையில் ஒப்பந்தம் இருந்தபோது, முகவரியை மாற்ற எனக்கே மனம் வரவில்லை. அப்பா அம்மாவின் குடும்ப அட்டை, என் வாக்கு, எல்லாம் ஊரில் இருக்கின்றன. இன்னும் சில ஆண்டுகளில் திரும்பிவிடுவேன் என்ற எண்ணமும் இருக்கிறது. அதனால் இன்றும் காசு கொடுத்தே பயணம் செய்கிறேன். அந்த அம்மாவிடம் காரணத்தைச் சொன்னபோது, திருமணம் இங்கே அமைந்துவிட்டால் என்ன செய்வாய் என்று பேருந்து முழுவதும் கேட்கும்படி கேட்டார்.

வைகைக்கரையான் எழுதியது:

வண்டியோடு வருகிறவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். வேறு மாநிலப் பதிவு வண்டியைப் பன்னிரண்டு மாதங்களுக்கு மேல் இங்கே வைத்திருந்தால் கர்நாடகப் பதிவெண் வாங்கியாக வேண்டும். அதற்கு முதலில் ஊரிலுள்ள வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தின் தடையில்லாச் சான்று வேண்டும். கடனில் வாங்கிய வண்டியென்றால் வங்கியின் ஒப்புதலும் வேண்டும். பிறகு வண்டியின் வயதைக் கணக்கிட்டு இங்கே மீண்டும் ஆயுள்கால வரி கட்ட வேண்டும். 2021இல் வந்த பாரத் வரிசைப் பதிவெண் இந்தத் தொல்லையைத் தீர்க்கும் என்று சிலர் சொல்வார்கள். ஆனால் அது அரசு ஊழியர்களுக்கும், நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட மாநிலங்களில் அலுவலகமுள்ள தனியார் நிறுவன ஊழியர்களுக்கும் மட்டுமே கிடைக்கும். என்னுடையது சிறிய நிறுவனம்.

சந்திப்பு ஒன்றில் என்னை நிறுத்திய போக்குவரத்துக் காவலர், மதுரைப் பதிவெண்ணைப் பார்த்ததும் மீனாட்சியம்மன் கோவிலுக்கு எந்த மாதத்தில் போனால் கூட்டம் குறைவு என்று விசாரித்தார். பதிலைக் கவனமாகக் கேட்டுக்கொண்டு, அதன் பிறகே காகிதங்களைக் கேட்டார். வண்டியை இங்கே கொண்டுவந்து எவ்வளவு காலம் ஆயிற்று என்பதற்கு என்ன சான்று என்று அரை மணி நேரம் விவாதம் நடந்தது. வண்டியைத் தொடர்வண்டியில் ஏற்றி அனுப்பிய ரசீதை நான் பத்திரப்படுத்தி வைத்திருந்ததால் அன்று தப்பினேன். புதிதாக வருபவர்கள் அந்த ரசீதைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். ஊரில் ஏற்கெனவே கட்டிய ஆயுள்கால வரியில் எஞ்சிய காலத்துக்குரிய தொகையைத் திரும்பக் கேட்கவும் வழியுண்டு. புதிய பதிவெண் கிடைத்ததும் நான் விண்ணப்பித்தேன். கோப்பு நகர்ந்துகொண்டிருக்கிறது என்று ஒவ்வொரு முறையும் தொலைபேசியில் சொல்கிறார்கள். அந்தப் பணத்தை உண்மையில் திரும்பப் பெற்றவர்கள் யாராவது இருந்தால், என்னென்ன காகிதங்கள் கொடுத்தீர்கள் என்று எழுதுங்கள்.