மதுரையில் சனிக்கிழமை மாலை தெருச் சாப்பாட்டு நடை: யாராவது கூட்டிப் போவீர்களா?

வர்ற சனிக்கிழமை மாலை மதுரையில், வழிகாட்டியோடு நடந்து தெருக்கடைகளில் சாப்பிட்டுப் பார்க்கும் சாப்பாட்டு நடைக்கு முன்பணம் கட்டியிருந்தோம். வழிகாட்டி வர முடியாதாம், பணம் திரும்பி வந்துவிட்டது. ஞாயிறு காலை ரயிலில் ஊர் திரும்புகிறோம், தள்ளிப்போட வழியில்லை.

நாங்கள் நான்கு பேர், ஒருவர் சுத்த சைவம். தங்குவது ரயில் நிலையம் பக்கம். அப்பாவுக்கு மூட்டுவலி, இரண்டு கிலோமீட்டருக்கு மேல் நடக்க மாட்டார்.

வேறு சிலரிடம் கேட்டாயிற்று. ஒருவர் பத்துப் பேர் சேர்ந்தால்தான் என்கிறார், இன்னொருவர் கார் இல்லாமல் வரமாட்டாராம். விடுதியில் கேட்டால் ஏசி ஹோட்டல் பெயராகச் சொல்கிறார்கள். மேப்பைப் பார்த்து நாமே போகலாம் என்றால், தள்ளுவண்டிகள் அதில் பாதி இல்லை.

விளக்குத்தூண் ஜிகர்தண்டா, சிம்மக்கல் கறிதோசை எல்லாம் நாங்களே தேடிக்கொள்வோம். எனக்கு முக்கியம் பருத்திப்பால்தான். சுக்கும் ஏலமும் மணக்க, கருப்பட்டி போட்டு, மேலே தேங்காய்ப்பூ தூவி, கை சுடச்சுட டம்ளரில் தருவார்களே, அது. பாக்கெட் பொடியில் கலக்கியது வேண்டாம்.

மாசி வீதிகளைச் சுற்றி, ஆறு மணியிலிருந்து எட்டரை வரை, சின்னக் குழுவை நடத்திக் கூட்டிப் போகிற உள்ளூர்க்காரர் யாரையாவது தெரியுமா?