டர்பனில் கட்டுப்படியான விலையில் நல்ல பர்கர், நல்ல பிஸ்கட்: உங்கள் அனுபவம் என்ன?

செட்ஸ்வொர்த் வாசி

தமிழ்நாட்டிலிருந்து வேலைக்காகத் தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகருக்கு வந்து இறங்கும் பிள்ளைகள் என்னிடம் முதலில் கேட்பது இதைத்தான்: "அண்ணா, மாசக் கடைசியில எங்க போய் வயிறார சாப்பிடலாம்?" ஃப்ளோரிடா ரோட்டிலோ உம்ஷ்லாங்காவின் கேட்வே மாலிலோ பர்கர் நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அங்கே ஒருவர் சாப்பிடும் காசுக்கு, நம்மவர்கள் அதிகம் வாழும் செட்ஸ்வொர்த்தில் இரண்டு பேர் சாப்பிட்டு எழுந்துவிடலாம். என் கட்சி இதுதான்: இந்த ஊரில் மலிவான நல்ல பர்கர் மூலைக்கடை டேக்அவேயில், அதாவது பார்சல் கடையில்தான் கிடைக்கும், நல்ல பிஸ்கட் வீட்டு ஓவனிலிருந்துதான் வரும்.

நான் வழக்கமாகப் போகும் கடையின் பெயர்ப்பலகை வெளுத்துப்போய்க் கிடக்கும். உட்கார இடம் கிடையாது. கோழி நெஞ்சுக்கறியைத் தட்டித் தட்டையாக்கி, மிளகாய்த்தூள், மஞ்சள், இஞ்சி பூண்டு, எலுமிச்சைச் சாறு போட்டுக் காலையிலேயே ஊறவைத்துவிடுவார்கள். நாம் ஆர்டர் சொன்ன பிறகுதான் கடைக்கார அம்மா அதைக் கல்லில் போடுவார். கறி வெந்ததும் ஓரமாகத் தள்ளிவிட்டு, பன்னைப் பிளந்து வெண்ணெய் தடவி, கறி கிடந்த அதே இடத்தில் கவிழ்த்து வைத்துக் கரண்டியால் ஒரு அழுத்து அழுத்துவார். கல்லில் ஒட்டிக் கருகத் தொடங்கிய மசாலா முழுக்க பன்னுக்குள் இறங்கிவிடும். மேலே வெங்காயம், பச்சை மிளகாய், கொஞ்சம் மயோனைஸ், அவ்வளவுதான். கூட வரும் சிப்ஸ் தடிமனாக வெட்டிப் பொரித்த உருளைக்கிழங்கு. வினிகரும் உப்பும் அடித்துத் தாளில் சுற்றும்போதே துவண்டுவிடும், அப்படித்தான் இருக்க வேண்டும். இந்தச் சுவையைப் பெரிய கம்பெனிக் கடை எதிலும் நான் பார்த்ததில்லை. எல்லாக் கிளையிலும் ஒரே மாதிரி இருக்க வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. இந்த அம்மாவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை.

மற்றவர்கள் சொல்லுங்கள்.

ஓவர்போர்ட்டிலிருந்து

அண்ணா, பாதிக்கு ஒத்துக்கொள்கிறேன். பெரிய கடை என்றாலே ஒதுக்கிவிட வேண்டாம். டர்பனுக்கு பர்கர் புதிதல்ல. விம்பி என்ற பர்கர் கம்பெனி தென்னாப்பிரிக்காவில் முதல் கடை திறந்ததே 1967இல் இந்த ஊரில்தான். மெக்டொனால்ட்ஸ் இந்த நாட்டுக்கு வந்தது 1995இல், பர்கர் கிங் 2013இல். அவர்களுக்கு முன்பே ஸ்டியர்ஸ் என்ற உள்நாட்டுக் கம்பெனி இங்கே தீயில் வாட்டிய பர்கரால் பேர் வாங்கிவிட்டது. புதன்கிழமை ஸ்டியர்ஸின் வாக்கி வெட்னஸ்டே சலுகையில் இரண்டு பர்கர் வாங்கினால் விலை கட்டுப்படியாகும். நானும் என் அறைத் தோழியும் படித்த காலத்தில் புதன்கிழமை சமைத்ததே கிடையாது. மாட்டிறைச்சி வேண்டாம் என்பவர்கள் சிக்கன் என்று தெளிவாகச் சொல்லி வாங்கிக்கொள்ளலாம்.

ஆனால் இரவு நேரமாகிவிட்டால் என் ஓட்டு பர்கருக்கே கிடையாது. ஸ்பார்க்ஸ் ரோட்டில் சன்ரைஸ் சிப் 'ன் ரேஞ்சுக்குப் போய் சிப்ஸும் சீஸும் வைத்துச் சுருட்டிய ரொட்டி ஒன்று, மட்டன் குழம்பு ஊற்றி வாங்குங்கள். சீஸ் உருகிக் குழம்போடு சேர்ந்து கையெல்லாம் வழியும். ஒன்றை முழுசாகச் சாப்பிட்டால் மறுநாள் மதியம் வரை பசிக்காது.

ஃபீனிக்ஸ் வாசகர்

ஓவர்போர்ட் தங்கச்சி சொன்ன "தெளிவாகச் சொல்லி" என்பதை நான் அழுத்திச் சொல்கிறேன். ஒரு பெரிய கடையில் சிக்கன் கேட்டு வாங்கி வந்து, வீட்டில் பிரித்துப் பார்த்தால் உள்ளே மாட்டிறைச்சி. அப்பா அன்று பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. திரும்பப் போய்ச் சொன்னேன், மாற்றித் தந்தார்கள். ஆனால் அந்தக் கவுன்டரில் இருந்த பையனுக்கு அது ஏன் இவ்வளவு பெரிய விஷயம் என்றே புரியவில்லை. செட்ஸ்வொர்த்திலோ ஃபீனிக்ஸிலோ மூலைக்கடையில் இந்தப் பயம் இல்லை. பல கடைகளில் மாடும் பன்றியும் உள்ளேயே வராது. நான் மூலைக்கடைக் கட்சியில் சேர்ந்ததற்குக் காரணம் ருசி மட்டுமல்ல, இந்த நிம்மதியும்தான்.

புரட்டாசி மாதத்தைப் பற்றியும் சொல்கிறேன். இங்கே பிறந்து வளர்ந்த, தமிழ் பேச வராத குடும்பங்கள்கூட இந்த மாதம் கறி தொடுவதில்லை என்பது புதிதாக வந்தவர்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். டேக்அவேக்கள் புரட்டாசி ஸ்பெஷல் என்றே பலகை வைக்கும். காய்கறி பர்கரில் இரண்டு வகை. உருளைக்கிழங்கும் பட்டாணியும் மசித்துப் பொரித்தது ஒன்று, சோயா பேட்டி இன்னொன்று. சோயா என்றால் ஃப்ரைஸ் கம்பெனியை மறக்கக் கூடாது. 1991இல் டர்பனில் ஒரு குடும்பம் தொடங்கிய தொழில் அது, இன்று பல நாட்டுக் கடைகளில் கிடைக்கிறது. பெட்டி வாங்கி ஃப்ரீசரில் வைத்துக்கொண்டு, வீட்டிலேயே தோசைக்கல்லில் கொஞ்சம் கறி மசாலா தூவிப் போட்டால், டேக்அவே விலையை விடக் குறைவாக நாலு பேர் சாப்பிடலாம்.

ஆனால் சைவத்தில் மலிவு என்று பார்த்தால் பர்கரை விட பீன் பன்னிதான் (பன்றி இல்லை, 'பன்னி சௌ' என்ற டர்பன் சாப்பாடு). முழு பிரெட்டில் கால் பங்கை வெட்டிக் குடைந்து, வேகவைத்த பீன்ஸ் குழம்பை ஊற்றி, குடைந்தெடுத்த பிரெட் துண்டை மேலே வைத்துத் தருவார்கள். அதைத் தொட்டுக்கொண்டு தொடங்கி, ஓரத்தை மெதுவாகப் பிய்த்துக்கொண்டே கீழே இறங்க வேண்டும். முள்கரண்டி கேட்காதீர்கள். பழைய கிரே ஸ்ட்ரீட் பக்கம் போனால் இதற்கென்றே கூட்டம் நிற்கும்.

டோங்காட் அம்மா

பிள்ளைகளா, பர்கரைப் பற்றி நீங்கள் பேசுங்கள். பிஸ்கட்டை யாரும் தொடவே இல்லையே, அதை நான் சொல்கிறேன்.

எங்கள் வீட்டில் தீபாவளி என்றால் முறுக்குக்குச் சமமாக பிஸ்கட். எங்கள் அம்மா கரி அடுப்பு ஓவனில் சுட்டார். வெப்பம் எவ்வளவு என்று காட்ட முள் எதுவும் கிடையாது, உள்ளே கையை நீட்டிப் பார்த்து முடிவு செய்வார். தேங்காய் பிஸ்கட், சீரக பிஸ்கட், நான்கட்டாய், நடுவில் ஜாம் வைத்தது, இரண்டு சாக்லேட் பிஸ்கட்டை ஒட்டிச் செய்யும் ரோமனி கிரீம் என்று தட்டு தட்டாகப் போகும். பக்கத்து முஸ்லிம் வீட்டுக்குப் பார்சல் போகும். ஈத் அன்று அங்கிருந்து அதே தட்டு நிறைந்து திரும்பும். வெறும் தட்டைத் திருப்பித் தருவது எங்கள் தெருவில் வழக்கமில்லை.

இப்போது வேலைக்குப் போகும் பெண்களுக்கு நேரம் இல்லை. அதனால் வீட்டிலிருந்தே சுட்டு விற்கும் பெண்கள் டோங்காட், வெருலம், ஃபீனிக்ஸ் எல்லா இடத்திலும் இருக்கிறார்கள். ஐஸ்கிரீம் டப்பா அளவிலும் வாளி அளவிலும் விற்பார்கள். வாங்கும்போது வெண்ணெயா மார்ஜரினா என்று கேளுங்கள், விலை வித்தியாசம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. மார்ஜரின் போட்டது வடிவம் கலையாமல் அழகாக இருக்கும், அச்சில் பிழிந்த பூ அப்படியே நிற்கும். வெண்ணெய் போட்டது ஓவனில் கொஞ்சம் பரந்துவிடும், பார்க்கச் சுமார்தான், ஆனால் வாயில் வைத்தவுடன் கரையும். நான் வெண்ணெய்தான் வாங்கச் சொல்வேன், அளவு குறைந்தாலும் பரவாயில்லை. அப்புறம், புரட்டாசி விரதம் இருப்பவர்கள் முட்டை இல்லாதது வேண்டும் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். கண்டென்ஸ்டு மில்க் போட்டுச் செய்வது நன்றாகவே வரும்.

இந்தப் பெண்கள் பட்ட கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். 2023இல் மின்வெட்டு உச்சத்தில் இருந்தபோது அட்டவணையைப் பார்த்துத்தான் மாவு பிசைந்தார்கள். தட்டு உள்ளே போய்ப் பாதி வெந்த நேரத்தில் கரன்ட் போனால் அந்தத் தட்டு முழுக்க வீண். அந்த நஷ்டத்தையும் தாங்கிக்கொண்டு சொன்ன தேதிக்குக் கொடுத்தவர்களிடம் பேரம் பேச எனக்கு மனசு வராது.

உம்பிலோ ரோடு

அம்மா எழுதியதைப் படித்து இப்போதே பசிக்கிறது. ஆனால் தீபாவளி இல்லாத மாதங்களுக்கு நான் சூப்பர் மார்க்கெட் கட்சி. பேக்கர்ஸ் பிஸ்கட்டுக்கு வேர் இந்த டர்பன்தான், 1851இல் இங்கே தொடங்கிய பேக்கரி அது. அவர்களுடைய டென்னிஸ் பிஸ்கட்டில் தேங்காயும் கோல்டன் சிரப்பும் இருக்கும், டீயில் முக்கினால் வேறெதுவும் வேண்டாம். விருந்தாளி வந்தால் அதையே அடுக்கி, கேரமலும் கிரீமும் பெப்பர்மின்ட் சாக்லேட்டும் போட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் டார்ட் ரெடி.

பர்கரில் மட்டன் பக்கம் ஒருவரும் பேசவில்லை. கொத்தின மட்டனோடு கொத்தமல்லி, பச்சை மிளகாய், சோம்பு சேர்த்துப் பிடித்த பேட்டி கிடைத்தால் சிக்கனை விட்டுவிடுங்கள்.

செட்ஸ்வொர்த் வாசி

மட்டன் பர்கர் நல்ல இடத்தில் பிரமாதம்தான், மறுக்கவில்லை. ஆனால் மட்டன் விலை ஏறிவிட்டதால் பல கடைகளில் பேட்டி மெலிந்துபோய், ரொட்டித்தூள் கூடிவிட்டது. அதனால் புதிதாக வருபவர்களுக்கு முதலில் சிக்கன் என்றுதான் சொல்வேன். கடையைத் தேர்வு செய்ய ஒரே வழி: பகல் ஒரு மணிக்கு வாசலில் வேலைச் சட்டையோடு ஆட்கள் வரிசையில் நிற்கிறார்களா என்று பாருங்கள். கேஸ் அடுப்பா என்றும் கேளுங்கள். மின்வெட்டு நாட்களில் அவர்கள்தான் கல்லைச் சூடாக வைத்திருந்தார்கள்.

ஓவர்போர்ட் தங்கச்சி, அந்தப் புதன்கிழமைக் கணக்கு குடும்பம் இல்லாத பிள்ளைகளுக்கு நல்ல யோசனை, அதை நான் ஏற்றுக்கொள்கிறேன். டோங்காட் அம்மா, வெண்ணெய் பிஸ்கட் சுடும் யாராவது செட்ஸ்வொர்த் பக்கம் கொண்டுவந்து தருவார்களா? எங்கள் தெருவில் நாலைந்து வீடு சேர்ந்து வாங்கத் தயார். வாங்குவதில் பாதி, முட்டை இல்லாததாக வேண்டும்.

டோங்காட் அம்மா

தருவார்கள் தம்பி. தீபாவளிக்கு ஒரு மாதம் முன்பே சொல்லிவிடுங்கள், கடைசி வாரம் கேட்டால் யாரிடமும் கிடைக்காது. மூடி இறுக்கமான டின் நீங்களே கொண்டுவாருங்கள். டர்பன் ஈரக்காற்றில் பிளாஸ்டிக் பையில் வைத்தால் ரெண்டே நாளில் நமத்துப்போகும்.