ஐஸ் வைப்பதாகத் தெரியாமல் நன்றி சொல்வது எப்படி?

வணக்கம் நண்பர்களே. திருப்பூரில் சின்னதாக ஒரு பனியன் பிரிண்டிங் பட்டறை வைத்திருக்கிறேன். 2020 ஊரடங்கில் ஆர்டரே இல்லாமல் கிடந்தபோது, ஒரு எக்ஸ்போர்ட்காரர் நான் கேட்காமலேயே பழைய பாக்கி முழுவதையும் அனுப்பிவைத்தார். அந்த மாதம் பையன்களுக்குச் சம்பளம் கொடுத்தது அதில்தான். இதுவரை அவரிடம் அதைச் சொன்னதே இல்லை. தீபாவளிக்கு ஸ்வீட் பாக்ஸ் அனுப்புவேன். அது ரிசப்ஷனோடு சரி.

இந்த முறை கைப்பட ஒரு கடிதம் எழுதி நேரில் கொடுக்க ஆசை. ஆனால் இப்போதுதான் ரேட் ஏற்றிக் கேட்டிருக்கிறேன். ஐஸ் வைக்கிறான் என்று நினைத்துவிடுவாரோ? ரேட் பேச்சு முடியும்வரை பொறுக்கலாமா? இப்படி எழுதிக் கொடுத்தவர்கள் இருந்தால், எப்படி ஆரம்பித்தீர்கள் என்று சொல்லுங்கள். எனக்கு முதல் வரியே வரமாட்டேன் என்கிறது.