டைப்ரைட்டரில் பழகிய கை தமிழ்99-க்கு மாறியபோது

தட்டச்சுக்காரி, திருச்சி:

1994-ல் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் தமிழ் ஹையர் தேர்வு முடித்தேன். அப்புறம் டி.டி.பி. சென்டரில் கல்யாணப் பத்திரிகை, கேள்வித்தாள், வக்கீல் நோட்டீஸ் என்று வருடக்கணக்கில் அடித்தேன். கம்ப்யூட்டர் வந்த பிறகும் அந்தப் பழைய டைப்ரைட்டர் அமைப்புதான். கண் தாளில் இருக்கும், விரல் தானாகப் போகும். பிறகு சேர்ந்த ஆபீசில் யூனிகோடு என்கிற பொது எழுத்துக் குறியீடு, தமிழ்99 என்கிற கீபோர்டு அமைப்பு, இவை மட்டும்தான் என்று சொல்லிவிட்டார்கள்.

முதல் வாரம் அழுகையே வந்துவிட்டது. டைப்ரைட்டரில் "கொ" அடிக்க முதலில் கொம்பு, அடுத்து க, கடைசியில் கால். கையால் எழுதுகிற அதே வரிசை. தமிழ்99-ல் க, ஒ, அவ்வளவுதான். ஆனால் என் கை கொம்பைத்தான் முதலில் தேடும். "செய்தி" என்று அடித்துவிட்டு நிமிர்ந்து பார்த்தால் திரையில் "எசய்தி" என்று நிற்கும். ஒரு பக்கத்தில் இருபது இடமாவது இப்படித் திருத்துவேன்.

மனசு மாறியது "அம்மா" அடித்த அன்றுதான். அ, ம, ம, ஆ. நான் புள்ளி வைக்கவே இல்லை, முதல் ம-வுக்குத் தானாகவே புள்ளி விழுந்துவிட்டது. "பந்து" அடித்தேன், ந-வும் த-வும் சேர்ந்ததும் அங்கேயும் விழுந்தது. "மமதை" மாதிரி புள்ளி வேண்டாத இடத்தில் நடுவில் ஒரு அ தட்ட வேண்டும். தமிழில் எந்த எழுத்துக்குப் பக்கத்தில் எந்த எழுத்து வரும் என்று யோசித்துச் செய்திருக்கிறார்கள். 1999-ல் சென்னையில் நடந்த மாநாட்டை ஒட்டித் தமிழக அரசு ஏற்ற அமைப்பு இது. உயிர் எல்லாம் இடக்கையில், மெய் பெரும்பாலும் வலக்கையில். எஃப், ஜே விசைகளில் சின்ன மேடு இருக்கும், தடவிப் பாருங்கள். இடது ஆள்காட்டி விரல் புள்ளியில், வலது ஆள்காட்டி விரல் ப-வில். அங்கே விரலை வைத்துவிட்டால் கீழே பார்க்க வேண்டியதே இல்லை.

இரண்டு மாதத்தில் பழைய வேகம் வந்துவிட்டது. இப்போது என் கவலை மணிக்கட்டு. வலது கை சாயங்காலத்தில் விண்விண் என்று தெறிக்கிறது.

பழுது பார்ப்பவர், ஈரோடு:

அக்கா, மவுசை முதலில் பாருங்க. பந்து மவுஸ் இருந்த காலத்தில் "நகரவே மாட்டேங்குது" என்று நிறைய பேர் எடுத்து வருவார்கள். அடிமூடியைத் திருகிப் பந்தை எடுத்தால், உள்ளே உருளைகளில் அழுக்கு கறுப்புப் பட்டையாகச் சுற்றியிருக்கும். நகத்தால் சுரண்டினால் சுருள் சுருளாக வரும். அது ஓடாததால்தான் கை அழுத்தி அழுத்தித் தேய்க்கும். இப்போது பந்து இல்லை, ஆனால் கண்ணாடி மேசை மேல் வைத்தால் ஒளி மவுசும் தடுமாறும். ஒரு பேடு போடுங்க.

கணக்கர், மதுரை:

எனக்கும் அதே வலி இருந்தது. காரணம் கீபோர்டின் வலக்கோடியில் இருக்கும் எண் விசைகள். அந்த அகலத்தைத் தாண்டி மவுஸ் இருப்பதால் நாள் முழுக்கத் தோள் வெளியே நீண்டே கிடக்கும். மவுசை இடப்பக்கம் வைத்தேன், அங்கே எண் விசை இல்லை, கை உடம்போடு ஒட்டியே இருக்கிறது. முதல் மூன்று நாள் குறி தப்பும், பொறுத்துக்கொள்ளுங்கள். வலி குறையாவிட்டால் டாக்டரிடம் காட்டத் தயங்காதீர்கள்.

தட்டச்சுக்காரி, திருச்சி:

ரொம்ப நன்றி தம்பி, நன்றி சார். இடப்பக்கம் வைத்தால் இடது, வலது பொத்தானையும் மாற்றிக்கொள்ள வேண்டுமா?

கணக்கர், மதுரை:

நான் மாற்றவில்லை. நடுவிரலால் கிளிக் செய்கிறேன். மகள் அதே கம்ப்யூட்டரில் வந்து உட்கார்ந்தால் மவுசை அந்தப் பக்கம் நகர்த்திக்கொள்வாள், வேறு எதையும் தொட வேண்டியதில்லை.