அந்தச் சுனையின் படத்தை நான் போட்டிருக்கக் கூடாது: மலை ஏறப்போன அனுபவங்கள்

ராயக்கோட்டைக்காரன்

எங்கள் பக்கத்தில் மலை ஏறுவது ஒரு பொழுதுபோக்காக இருந்ததே இல்லை. ஆடு மேய்க்கப் போவார்கள், புளி உலுக்கப் போவார்கள், புரட்டாசி சனிக்கிழமை பெருமாளைப் பார்க்கப் போவார்கள், அவ்வளவுதான். நான் ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை விடியற்காலையில் ஷூ மாட்டிக்கொண்டு கரடு ஏறும் பழக்கம் வந்தது. அது எனக்கு ரொம்ப நல்லது செய்தது, அதை மறைக்க மாட்டேன்.

காப்புக்காட்டை ஒட்டி ஒரு கரடு இருக்கிறது, பெயர் சொல்லப் போவதில்லை. மேலே பாறையில் ரெண்டு கயிற்றுக்கட்டில் அளவுக்கு ஒரு சுனை. சித்திரை வெயிலிலும் முழங்கால் தண்ணீர் நிற்கும். முதல் முறை போனபோது ஓரத்து ஈரமண்ணில் பன்றிக் குளம்பு, முயல் கால், உதிர்ந்து கிடந்த ஒரு முள்ளம்பன்றி முள், தண்ணீருக்குள் கொத்துக் கொத்தாகத் தலைப்பிரட்டை. கோடையில் சுற்றுவட்டாரத்தில் வேறு தண்ணீரே கிடையாது என்று ஆடு மேய்க்கும் தாத்தா சொன்னார். நான் என்ன செய்தேன்? 2021-இல், ஊரடங்கு தளர்ந்த நேரம், சூரிய உதயத்தோடு அதைப் படம் எடுத்து, வரும் வழியையும் எழுதி, லொகேஷனோடு போட்டுவிட்டேன். நல்லெண்ணத்தில்தான் போட்டேன்.

அடுத்த ஆண்டு கோடையில் போனால் அந்த ஒற்றையடிப் பாதை மாட்டுவண்டி போகிற அகலத்துக்கு ஆகியிருந்தது. வளைந்து போக வேண்டிய இடங்களில் எல்லோரும் நேராக ஏறியிருக்கிறார்கள், அங்கே புல் போய், ஒரு மழைக்கே மண் அரித்து வாய்க்காலாகக் கிடந்தது. சுனையில் ஷாம்பு நுரை. ஓரத்தில் நூடுல்ஸ் ஒட்டிய சட்டியைக் கழுவிய மிச்சம், பாட்டில் சில்லு, அடுப்பு மூட்டிக் கரிந்த கல். குனிந்து பார்த்தேன், ஒரு தலைப்பிரட்டைகூட இல்லை. ஈரமண்ணில் இருந்ததெல்லாம் ஷூ தடம் மட்டும்தான். எனக்குக் குப்பையைவிட அதுதான் பெரிய அடி. ராத்திரி தண்ணீர் குடிக்க வருகிற உயிர்கள் பக்கத்திலேயே கூடாரமும் வெளிச்சமும் பாட்டும் இருந்தால் எப்படி வரும்? அவை எங்கே போயின என்று எனக்கு இன்றுவரை தெரியாது.

இதே மாதிரி உங்களுக்கு நடந்திருந்தால் எழுதுங்கள்.

தேன்கனிக்கோட்டை மருமகள்

அண்ணா, அவை எங்கே போயின என்று கேட்டீர்களே, எங்கள் ராகிக் கொல்லைக்கு வந்ததை நான் சொல்கிறேன். ஐப்பசியில் தொடங்கித் தை வரைக்கும் கர்நாடகத்துப் பன்னேர்கட்டா காட்டிலிருந்து தளி, ஜவளகிரி வழியாக யானைகள் இந்தப் பக்கம் வரும், சில கூட்டம் சானமாவு வரைக்கும் போகும். ராகி அறுப்பும் அதே மாதங்களில்தான். பகலில் ஏதாவது ஒரு பள்ளத்தில் மூங்கில் நிழலில் நின்றுவிட்டு, இருட்டிய பிறகுதான் அசையும். எங்கள் மாமனார் பரண்மேல் உட்கார்ந்து, தகரம் தட்டி, விடிய விடியக் காவல் இருப்பார். ராத்திரிதான் வரும் என்பது பெரியவர்களுக்கு ஒரு கணக்கு.

ரெண்டு வருஷம் முன்னால் மார்கழியில் ஒரு சனிக்கிழமை, அந்தப் பள்ளத்துக்கு மேலே இருக்கும் பாறையில் பத்துப் பதினைந்து பேர் கூடாரம் போட்டார்கள். ட்ரோன் பறக்கிற சத்தம் எங்கள் வாசலுக்குக் கேட்டது. சாயங்காலம் ஐந்து மணி, வெயில் இன்னும் இருக்கிறது, நானும் நாத்தனாரும் கதிர் கட்டிக்கொண்டிருக்கிறோம், அந்த நேரத்தில் நாலு பெரிய யானை, ஒரு குட்டி, நேராகக் கொல்லையில். ஓடினதில் நாத்தனாருக்குக் கால் பிசகிவிட்டது. குவித்து வைத்திருந்த ராகி போனது போனதுதான். மேலே இருந்தவர்களால்தான் வந்தது என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். ஆனால் அந்த நேரத்தில் அவை இறங்கி அதற்கு முன் நாங்கள் பார்த்ததில்லை.

மறுநாள் வரப்பில் கிடந்த யானை லத்தியைக் குச்சியால் பிரித்துப் பார்த்தேன். செரிக்காத ராகி, மூங்கில் நார், அதோடு முறுக்கிக்கொண்டு பளபளவென்று ஒரு சிப்ஸ் பாக்கெட் கவர். உப்பு வாசனைக்காகக் கவரோடு சேர்த்து விழுங்கிவிடும் என்கிறார்கள். வெளியே வந்தது ஒன்று, உள்ளே எத்தனை இருக்கிறதோ.

இந்தக் காடு சும்மா கிடக்கிற புறம்போக்கு இல்லை. 2022 நவம்பரில்தான் 686 சதுர கிலோமீட்டரைக் காவேரி தெற்கு வனவிலங்கு சரணாலயம் என்று அறிவித்தார்கள், கிருஷ்ணகிரி, தர்மபுரி ரெண்டு மாவட்டமும் சேர்த்து. கர்நாடகப் பக்கம் இருக்கும் சரணாலயத்தோடு தொடர்ச்சியாக யானை நடக்கட்டும் என்றுதான் அது.

வத்தல்மலைப் பையன்

நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். ஆட்கள் வருவது எங்களுக்கு வேண்டும். எங்கள் மலையில் காப்பி, மிளகு போடுகிறோம், கீழே கொண்டுபோய் விற்றால் கிடைக்கிற விலையைவிட, வீட்டு வாசலில் கேட்டு வாங்குகிறவர்கள் நல்ல விலை தருகிறார்கள். எங்கள் அம்மா ராகிக் களியும் கீரையும் சமைத்துப் போட்டுச் சம்பாதிக்கிறார்கள். அதனால் எல்லோரையும் வராதீர்கள் என்று சொல்லாதீர்கள். வந்தால் ஊருக்குள் வாருங்கள், எங்களில் ஒருவரைக் கூட்டிக்கொண்டு நடங்கள். கொண்டை ஊசி வளைவில் நின்று பைக்கை உறுமவிட்டு, குரங்குக்குப் பிஸ்கட் போட்டு, பாட்டிலை ஓடையில் எறிந்துவிட்டுத் திரும்புகிறவர்களால் எங்களுக்கு ஒரு ரூபாய் வரவு இல்லை. அந்தக் குரங்குதான் அப்புறம் எங்கள் வீட்டு ஓட்டைப் பிரிக்கிறது.

ராயக்கோட்டைக்காரன்

தம்பி சொல்வது சரி. தங்கச்சி, நாத்தனாருக்கு இப்போது எப்படி இருக்கிறது? நீங்கள் எழுதியதை ரெண்டு முறை படித்தேன்.

ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். 2018 மார்ச் 11 தேனி மாவட்டத்துக் குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போனவர்கள் இருபதுக்கும் மேல் இறந்தார்கள். அதற்கப்புறம்தான் மலையேற்றத்துக்கு அரசு தனியாக விதிகள் கொண்டுவந்தது. நம் காடும் மாசியில் இலை உதிர்த்துச் சருகாகக் காய்ந்து நிற்கிற காடு, உண்ணிச்செடிப் புதர் வேறு, ஒரு பீடித்துண்டு போதும். 2024 அக்டோபரில் வனத்துறை ட்ரெக் தமிழ்நாடு என்று 40 பாதைகளைத் திறந்தது, நம் கிருஷ்ணகிரி மாவட்டத்தில் குத்திராயன் மலையும் ஐயூர் சாமி ஏரியும் அதில் உண்டு. ஆன்லைனில் பதிந்தால் வழிகாட்டியோடு போகலாம், வழிகாட்டிகள் உள்ளூர்ப் பிள்ளைகள். காசு கேட்கிறார்களே என்று நானும் முதலில் முணுமுணுத்தேன். யானை எந்தப் பள்ளத்தில் நிற்கிறது என்று தெரிந்த ஒருவன் முன்னால் நடப்பதற்கு அந்தக் காசு அதிகமே இல்லை.

என் பழைய படத்தை நீக்கிவிட்டேன். மற்றவர்கள் எடுத்துப் போட்டதை என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. ஆனி மாதம் நாங்கள் நாலு பேர் போய்ச் சுனையைச் சுற்றிப் பொறுக்கினோம், ரெண்டு சாக்கு நிறையச் சேர்ந்தது, கண்ணாடிச் சில்லை மட்டும் தனியாக ஒரு பெயிண்ட் டப்பாவில் போட்டு இறக்கினோம். மழைக்கப்புறம் போகவில்லை, போகாமல் இருப்பதும் நல்லதுதான் என்று தாத்தா சொல்லிவிட்டார்.

போன வாரம் பெங்களூரிலிருந்து ஒருவர் அந்தப் பழைய படத்தைக் காட்டி லொகேஷன் கேட்டார். தர முடியாது, ஏன் என்றும் எழுதினேன். ராயக்கோட்டை வாருங்கள், 1791-இல் ஆங்கிலேயர் திப்புவிடமிருந்து பிடித்த கோட்டை, உச்சிவரை நானே கூட்டிப்போகிறேன் என்றேன். ஞாயிற்றுக்கிழமை அப்பாவையும் அழைத்து வருவதாகச் சொல்லியிருக்கிறார்.