அர்தா கூலரை நேரில் பார்த்தவர்களின் அனுபவங்கள்

இஸ்தான்புல்லிலிருந்து

ரியல் மாட்ரிட் அணியில் துருக்கியக் கால்பந்து ஆட்டக்காரர் அர்தா கூலர் ஆடுவதை இன்று தொலைக்காட்சியில் பார்க்கும் பலருக்கு, தொழில்முறை வாழ்க்கையின் முதல் ஆண்டுகளில் அவர் எவ்வளவு நேரத்தை எல்லைக்கோட்டுக்கு வெளியே உடம்பைச் சூடேற்றிக்கொண்டு கழித்தார் என்பது தெரிந்திருக்காது. வேலை நிமித்தம் இஸ்தான்புல்லில் வசித்தபோது அந்நகரின் ஃபெனர்பாச்சே கால்பந்துச் சங்கத்தின் ஆட்டங்களைப் பார்க்கும் வாய்ப்பு எனக்குக் கிடைத்தது. அங்கே கண்டதை எழுதுகிறேன். வேறு ஊர்களில் அவரைப் பார்த்தவர்கள் தங்கள் அனுபவத்தையும் சேர்த்தால், ஓர் இளைஞர் எப்படிப் படிப்படியாக அணிக்குள் இடம்பிடித்தார் என்பது நமக்குத் தெளிவாகும்.

அவர் 2005 பிப்ரவரி 25 அன்று அங்காராவில் பிறந்தவர். அந்நகரின் பழைய சங்கமான கென்ச்லெர்பிர்லியியின் சிறுவர் அணிகளில் வளர்ந்து, 2019-இல் ஃபெனர்பாச்சேயின் இளையோர் பிரிவுக்கு வந்தார். 2021 ஆகஸ்டில், ஹெல்சிங்கியைச் சேர்ந்த எச்.ஜே.கே. அணிக்கு எதிரான ஐரோப்பா லீக் தகுதி ஆட்டத்தில், அப்போதைய பயிற்சியாளர் விட்டோர் பெரேரா அவரை முதன்முறையாக முதன்மை அணியில் இறக்கினார். அன்று அவருக்கு வயது 16. அந்த ஆட்டத்தை நான் பார்க்கவில்லை. என் கதை அதற்குச் சில மாதங்கள் கழித்துத்தான் தொடங்குகிறது.

2022 மார்ச் 13 அன்று அலன்யாஸ்போருக்கு எதிரான வெளியூர் ஆட்டத்தை, ஃபெனர்பாச்சேயின் சொந்த வட்டாரமான காடிக்கோய் பகுதியில் ஒரு தேநீர்க் கடையில் பார்த்தேன். இடுப்பு குறுகிய சிறு கண்ணாடிக் குவளைகளில் தேநீர் வந்துகொண்டே இருந்தது. வயதானவர்கள் ஒருபுறம் சீட்டாட, மற்றவர்கள் சுவரில் மாட்டிய தொலைக்காட்சியை அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஃபெனர்பாச்சே 5-2 என வென்ற அந்த ஆட்டத்தில்தான் கூலர் தன் முதல் லீக் கோலை அடித்தார். 17 வயது நிரம்பி மூன்று வாரம்கூட ஆகாத நிலையில், அச்சங்கத்துக்காக லீக்கில் கோல் அடித்தவர்களிலேயே இளையவர் ஆனார். சீட்டாடிக்கொண்டிருந்தவர்கள்கூடச் சீட்டைக் கவிழ்த்து வைத்துவிட்டு மறுஒளிபரப்பைப் பார்த்தது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது.

அடுத்த பருவத்தில் 10-ஆம் எண் சட்டையை அவருக்குக் கொடுத்தார்கள். காடிக்கோய்க்காரர்களுக்கு அது வெறும் எண் அன்று என்பதைப் புரிந்துகொள்ள, படகுத்துறையிலிருந்து சங்கத்தின் ஷுக்ரு சராஜோலு அரங்கத்துக்கு ஆட்ட நாளில் நடந்து பார்க்க வேண்டும். வழியெல்லாம் மஞ்சளும் கருநீலமும் கலந்த கழுத்துத் துணிகள் விற்பார்கள். வண்டிக்கடைகளில் இறைச்சி உருண்டைகளைச் சுட்டு ரொட்டிக்குள் வைத்துத் தருவார்கள். அரங்கத்துக்குப் பக்கத்தில் உள்ள யோர்ட்சு பூங்காவில் அலெக்ஸ் டி சௌசாவின் சிலை நிற்கிறது. 2004 முதல் 2012 வரை சங்கத்துக்காக ஆடி, அந்த 10-ஆம் எண்ணையும் அணிந்த பிரேசில் நாட்டவர் அவர். சங்கத்தில் இருக்கும்போதே அவருக்குச் சிலை வைத்துவிட்டார்கள். பின்னர் அந்த எண்ணை அணிந்தவர்களில் மெசுட் ஓசிலும் ஒருவர். அலெக்ஸ் வந்து சேர்ந்த மறு ஆண்டில் பிறந்த ஒரு பையனுக்கு அதே எண்ணைக் கொடுத்தால், ஐம்பதாயிரம் பேர் கொள்ளும் அரங்கத்தில் எத்தகைய எதிர்பார்ப்பு எழும் என்று சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 2022-23 பருவத்தின் பயிற்சியாளர் ஜோர்ஜ் ஜெசுஸ், அவரைத் தொடக்கப் பதினொருவரில் நிரந்தரமாக வைக்கவில்லை. இரண்டாம் பாதியில் மாற்று ஆட்டக்காரர்கள் எழுந்து கோட்டோரமாக ஓடத் தொடங்கும்போது, களத்தில் பந்து எங்கே இருந்தாலும் என் பகுதியில் இருந்தவர்களின் பார்வை அந்தப் பக்கம் திரும்பிவிடும். அவர் பெயரைச் சொல்லி முழக்கம் எழும். எனக்கு அடுத்த இருக்கையில் வழக்கமாக அமரும் பெரியவர், சூரியகாந்தி விதைகளைக் கொறித்துத் தோலைக் கீழே துப்பியபடி பயிற்சியாளரைத் திட்டிக்கொண்டே இருப்பார். என் கருத்து அவரிடமிருந்து சற்று மாறுபட்டது. பந்து வருவதற்கு முன்பே தோளுக்குப் பின்னால் ஒருமுறை பார்த்துவிட்டு, இடது காலின் வெளிப்புறத்தால் இரண்டு தடுப்பாட்டக்காரர்களுக்கு நடுவே அனுப்பிவிடும் திறமை அந்த வயதிலேயே அவரிடம் இருந்தது உண்மை. ஆயினும் முதிர்ந்த தடுப்பாட்டக்காரர் ஒருவர் தோளைக் கொடுத்தால் பந்தோடு சேர்ந்து அவரும் விலகிப் போவதையும் பார்த்திருக்கிறேன். உடம்பு அப்போது இன்னும் இறுகவில்லை. அரைமணி நேரம் கொடுத்தது அநியாயம் என்று எனக்குத் தோன்றியதில்லை.

லீக்கை அந்த ஆண்டு இஸ்தான்புல்லின் இன்னொரு சங்கமான கலாதாசராய் வென்றது. ஃபெனர்பாச்சேக்கு மிஞ்சியது துருக்கிக் கோப்பை. 2023 ஜூனில் இஸ்மிரில் நடந்த இறுதி ஆட்டத்தில் பாஷாக்ஷெஹிரை 2-0 என வென்று, 2014-க்குப் பிறகு முதன்முறையாக ஒரு கோப்பையைக் கொண்டுவந்தார்கள். கூலர் அதில் சிறந்த ஆட்டக்காரராகத் தேர்வு பெற்றார். ஒரு வாரம் கழித்து சாம்சுனில் வேல்ஸுக்கு எதிராக, மாற்று ஆட்டக்காரராக இறங்கி, தேசிய அணிக்கான தன் முதல் கோலைப் பெனால்ட்டிப் பெட்டிக்கு வெளியிலிருந்து வளைத்து அடித்தார். ஜூலையில் மாட்ரிட் போய்விட்டார். 20 மில்லியன் யூரோவும் பின்னால் சேரக்கூடிய தொகைகளும் என்று சொன்னார்கள். அந்த விலைக்கு விட்டிருக்கக் கூடாது என்ற புலம்பலை, நான் ஊரைவிட்டுக் கிளம்பும் வரை கடைக்குக் கடை கேட்டேன்.

டோர்ட்முண்ட் அருகிலிருந்து

மேலே எழுதிய நண்பருக்கு நன்றி. நான் ஜேர்மனியில் ஹம் நகருக்கு அண்மையில் வசிக்கிறேன். எங்கள் காமாட்சி அம்பாள் கோவில் தேர் பற்றிக் கேள்விப்பட்டவர்களுக்கு இடம் விளங்கும். இங்கிருந்து டோர்ட்முண்ட் ரயிலில் சிறிது தூரம்தான். 2024 யூன் 18 அன்று துருக்கிக்கும் ஜோர்ஜியாவுக்கும் இடையே அங்கு நடந்த ஐரோப்பியக் கிண்ண உதைபந்தாட்டப் போட்டிக்கு, என்னோடு களஞ்சியசாலையில் வேலை செய்யும் துருக்கிய நண்பர் அழைத்துச் சென்றார். குலுக்கலில் அவருக்கு இரண்டு நுழைவுச்சீட்டுகள் விழுந்திருந்தன.

ரூர் பகுதியைத் தெரியாதவர்களுக்கு ஒரு விடயத்தைச் சொல்லியாக வேண்டும். 1961-இல் ஜேர்மனியும் துருக்கியும் செய்துகொண்ட ஒப்பந்தத்தின் பின்னர், இங்குள்ள நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் உருக்காலைகளுக்கும் பெருந்தொகையாகத் துருக்கியத் தொழிலாளர்கள் வந்தார்கள். என் நண்பரின் தாத்தாவும் அப்படிச் சுரங்கத்துக்கு வந்தவர்தான். சுரங்கங்கள் மூடப்பட்டுவிட்டன, குடும்பங்கள் இங்கேயே வேர்விட்டுவிட்டன. ஆகவே டோர்ட்முண்டில் துருக்கி விளையாடுவதென்பது சொந்த ஊரில் விளையாடுவது போலத்தான். ரயிலிலேயே சிவப்புச் சட்டைகளுக்கு நடுவில் நிற்க இடமில்லை.

போட்டிக்கு முன்னர் பெய்த மழையை மறக்கவே முடியாது. அரங்கக் கூரையின் மூலைகளிலிருந்து தண்ணீர் அருவிபோலக் கொட்ட, கீழ்வரிசைகளில் இருந்தவர்கள் மேலே ஓடி வந்தார்கள். நாங்கள் இருவரும் முழங்கால்வரை நனைந்து, சப்பாத்துக்குள் தண்ணீர் சலசலக்க உட்கார்ந்திருந்தோம். துருக்கியின் மேர்ட் முல்டூர் பறந்து வந்த பந்தை அப்படியே அடித்து முதல் கோலைப் போட்டார். ஜோர்ஜியாவின் மிக்கவுதாட்சே சில நிமிடங்களில் அதைச் சமப்படுத்தினார். அதன் பிறகு ஜோர்ஜியர்கள் ஆடிய ஆட்டத்தை மெச்சத்தான் வேண்டும். அதுதான் அவர்களின் முதலாவது ஐரோப்பியக் கிண்ணம் என்று எவராலும் சொல்ல முடியாதபடி ஆடினார்கள்.

65-ஆவது நிமிடத்தில், பெனால்ட்டிப் பெட்டிக்கு நன்றாக வெளியே, வலப்பக்கத்தில் கூலர் பந்தைப் பெற்றார். நாங்கள் உயரத்தில் இருந்தபடியால் பந்தின் பாதை முழுவதும் தெரிந்தது. ஓரிரு அடி உள்ளே வந்து இடது காலால் அடித்தார். பந்து முதலில் கோலுக்கு வெளியே போவதுபோல எழும்பி, பின்னர் உள்ளே திரும்பித் தூரத்து மேல் மூலையில் இறங்கியது. கோல்காப்பாளர் மமார்தாஷ்விலி நெடிய மனிதர், முழு நீளத்துக்கும் பாய்ந்தார், எட்டவில்லை. முன்பின் தெரியாத ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துருக்கிய மொழியில் ஏதோ சொல்லிக்கொண்டே இருந்தார். ஐரோப்பியக் கிண்ணத்தில் அறிமுகமாகும் போட்டியிலேயே கோல் அடித்தவர்களில் மிக இளையவர் என்று 2004 முதல் கிறிஸ்டியானோ ரொனால்டோவின் பெயரில் இருந்த சாதனை அன்று 19 வயதுக் கூலருக்கு மாறியது. அதை வீடு திரும்பும் ரயிலில், கைபேசியில் வாசித்துத்தான் அறிந்தோம்.

நான்கு நாட்களின் பின் அதே மைதானத்தில் போர்த்துக்கலுக்கு எதிராக, பயிற்றுநர் மொன்டெல்லா அவரை ஆரம்பத்தில் இறக்கவில்லை. துருக்கி 0-3 எனத் தோற்றது. மறுநாள் வேலைக்கு வந்த நண்பர் மதிய இடைவேளை முழுவதும் மொன்டெல்லாவை வைதுகொண்டே சாப்பிட்டார். இஸ்தான்புல் பெரியவரின் இனம் எங்கும் பரந்திருக்கிறது போலும்.

என்னைக் கேட்டால், அந்தத் தொடரில் கூலர் பெரியவராக ஆனது ஜோர்ஜியப் போட்டியில் அல்ல, லைப்சிக்கில் ஒஸ்ரியாவுக்கு எதிரான போட்டியில்தான். அணித்தலைவர் சால்ஹனோலு தடையினால் விளையாடவில்லை. மூலை உதைகளை எடுக்கும் பொறுப்பு கூலரிடம் வந்தது. ஆட்டம் தொடங்கி ஒரு நிமிடம்கூட ஆகுமுன் மெரிஹ் தெமிரால் அடித்த கோலும், பிறகு அவர் தலையால் முட்டி அடித்த இரண்டாவது கோலும் கூலரின் மூலை உதைகளிலிருந்து வந்தவை. 2-1 என்ற அந்த வெற்றியில் அவர் ஓடிய ஓட்டத்தையும், தன் பாதிக்குத் திரும்பி வந்து பந்தைப் பறித்ததையும் பார்த்தவர்கள், தோளைக் கொடுத்தால் விலகிப் போவார் என்று இனிமேல் சொல்ல மாட்டார்கள். காலிறுதியில் நெதர்லாந்துக்கு எதிராகப் பெர்லினில் அவர் உயர்த்தி அனுப்பிய பந்தைச் சமெத் அகாய்தின் தலையால் முட்டித்தான் முதல் கோல் விழுந்தது. இரண்டாம் பாதியில் அவர் அடித்த சுயாதீன உதை கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அது உள்ளே போயிருந்தால் என்று இங்கே இன்னமும் பேசுகிறார்கள்.

மாட்ரிட்டிலிருந்து

மேற்கல்விக்காக மாட்ரிட்டில் இருந்த நான் சுருக்கமாகவே எழுத முடியும், ஏனென்றால் 2023-24 பருவத்தில் ரியல் மாட்ரிட்டின் பெர்னபேயு அரங்கத்தில் கூலரைப் பார்ப்பது என்பது பெரும்பாலும் அவர் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பதுதான். வந்த வேகத்தில் அமெரிக்கச் சுற்றுப்பயணத்தில் முழங்காலில் காயம், ஆகஸ்டில் அறுவைச் சிகிச்சை, பிறகு தசையில் இன்னொரு காயம் என்று அரை ஆண்டு போய்விட்டது. 2024 ஜனவரி 6 அன்று, அரண்டா டி டுவேரோ என்ற சிற்றூரில், நான்காம் நிலை அணியான அரண்டினாவுக்கு எதிரான ஸ்பானியக் கோப்பை ஆட்டத்தில்தான் முதன்முறையாக மாட்ரிட் சட்டையில் இறங்கினார். அதற்குள் எங்கள் விடுதியில் பந்தயம் கட்டி ஆடும் பையன்கள் அவரை விட்ட காசு என்று எழுதிவிட்டார்கள்.

மார்ச் 10 அன்று செல்டா விகோவுக்கு எதிரான ஆட்டத்துக்கு, மேல் அடுக்கில் மலிவான இருக்கையில் போயிருந்தேன். மாட்ரிட் முன்னிலையில் இருந்ததால், கடைசி ரயில் கூட்டத்துக்கு அஞ்சி மக்கள் கிளம்பத் தொடங்கிய நேரத்தில் பயிற்சியாளர் கார்லோ அன்செலோட்டி அவரை அனுப்பினார். கூடுதல் நேரத்தில் பந்து கிடைத்ததும், முன்னேறி வந்த கோல்காப்பாளரைச் சுற்றிக்கொண்டு போய் வலைக்குள் தள்ளினார். 4-0. படிக்கட்டில் இறங்கிக்கொண்டிருந்தவர்கள் சத்தம் கேட்டுத் திரும்பி ஓடி வந்தார்கள். ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் அவரைச் சூழ்ந்துகொண்டார்கள். நான்காவது கோலுக்கு அந்த அணியினர் அப்படிக் கொண்டாடுவது அரிது.

அதன் பிறகு ரியல் சோசியேதாத்துக்கு எதிரான ஒரே கோல், கிரனாடாவிலும் அலாவேசுக்கு எதிராகவும் ஒவ்வொன்று, 4-4 எனச் சமனில் முடிந்த வில்யாரியல் ஆட்டத்தில் இரண்டு என, 10 லீக் ஆட்டங்களில் 6 கோல்களோடு பருவத்தை முடித்தார். அணி லீக்கையும் சாம்பியன்ஸ் லீக்கையும் வென்றது.

முதலிரண்டு பதிவுகளிலும் பயிற்சியாளர்களின் மேல் விழும் பழியோடு எனக்கு முழு உடன்பாடு இல்லை. இஸ்தான்புல் நண்பர் சொன்னதுபோல் 17 வயதில் அரைமணி நேரம் போதுமானது. முழங்காலில் கத்தி பட்டு ஆறு மாதம் ஆடாத 18 வயது இளைஞரை, கோப்பைக்குப் போராடும் அணியில் சிறிது சிறிதாக இறக்கியதையும் குறை சொல்ல மாட்டேன். என் குறையெல்லாம் 2024-25 பருவத்தைப் பற்றியது. ஐரோப்பியக் கோப்பையில் அவ்வளவு ஆடிவிட்டு வந்தவரை மறுபடியும் கடைசி நிமிடங்களுக்கு மட்டும் வைத்திருந்ததற்கு எந்தச் சமாதானமும் எனக்குப் பொருந்தவில்லை. அந்தப் பருவத்தில் பார்சலோனாவுக்கு எதிரான கோப்பை இறுதி ஆட்டத்தில்கூட, மாற்றாக வந்து அவர் எடுத்த மூலை உதையில்தான் மாட்ரிட் ஆட்டக்காரர் சுவாமெனியின் கோல் விழுந்தது.

2025 கோடையில் சாபி அலோன்சோ பயிற்சியாளராக வந்ததும், அவரை வலது ஓரத்திலிருந்து நடுக்களத்துக்குக் கொண்டுவந்து, பந்தைத் தொடங்கி வைக்கும் பொறுப்பைக் கொடுத்தார். உலகச் சங்கக் கோப்பையில் பச்சூக்காவுக்கு எதிராகக் கோலும் அடித்தார். அந்த இடமே அவருக்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம். ஓரத்தில் நிறுத்தினால் வேகமான தடுப்பாட்டக்காரர்கள் அவரை மடக்கிவிடுகிறார்கள். நடுவில் நின்றால் வேகத்துக்கு வேலையில்லை, பார்வைக்குத்தான் வேலை. சிறுவர் அணிகளில் அவர் நடுவில் ஆடியதை அங்காராவில் பார்த்தவர்கள் யாரேனும் இங்கே இருந்தால், அப்போதும் இவ்வளவு பின்னிருந்துதான் பந்தைக் கேட்டு வாங்குவாரா என்று எழுதுங்கள்.