‘டிப்பிங்’ – ‘உறக்கத் தணிவு’ எனலாமா?

அன்புள்ள குழுவினருக்கு, வணக்கம்.

உறக்கத்தில் இரத்த அழுத்தம் இறங்குவதை ஆங்கிலத்தில் ‘டிப்பிங்’ (dipping) என்பார்கள். அதைத் தமிழில் குறிக்க நம் குழுவில் ‘வீழ்ச்சி’, ‘சரிவு’, ‘தாழ்வு’ என மூன்று சொற்கள் இதுவரை வந்துள்ளன. மூன்றையும் ஏற்கத் தயங்குகிறேன். முதல் இரண்டும் ஏதோ கேடு நேர்ந்துவிட்டதாக ஒலிக்கின்றன. ‘தாழ்வு’ என்றால் குறை இரத்த அழுத்தத்தோடு குழம்பும். நடப்பதோ உடலுக்கு நன்மையானது. உறங்கும்போது, உடலைப் பரபரப்புக்குத் தயார்ப்படுத்தும் பரிவு நரம்பு மண்டலத்தின் முடுக்கம் குறைகிறது. அழுத்தமும் பகல் சராசரியிலிருந்து 10 முதல் 20 விழுக்காடு இறங்குகிறது. பகலில் மேல் அழுத்தம் (சிஸ்டாலிக்) 130 இருப்பவருக்கு உறக்கத்தில் 115 என்றால் அது இயல்பு.

என் பரிந்துரை ‘தணிவு’. காய்ச்சல் தணியும், தாகம் தணியும், சினமும் தணியும். உளவியல் கட்டுரைகளுக்கு இது இன்னும் நன்றாகப் பொருந்தும். பகைமனப்பான்மையும் சினமும் மிகுந்தவர்களிடம் இந்த இறக்கம் குறைவாக இருப்பதாகச் சில ஆய்வுகள் சொல்கின்றன. எல்லா ஆய்வுகளும் ஒத்துப்போகவில்லை. சிறுநீரக நோய், உறக்க மூச்சுத்திணறல் போன்ற காரணங்களும் உண்டு. ஆகவே மனத்தைக் காரணமாகச் சுட்டாமல், உடலில் நிகழ்வதை மட்டும் சொல்லும் சொல்லே வேண்டும்.

‘இரவுத் தணிவு’ வேண்டாம். இரவுப்பணி செய்பவர் பகலில் உறங்குகிறார். அவருக்கு அப்போதுதான் அழுத்தம் இறங்கும். ‘உறக்கத் தணிவு’ என்றே வைப்போம்.

நான் விட்டுக்கொடுக்க விரும்பாத இடம் ஒன்று உண்டு. 1988இல் லான்செட் மருத்துவ இதழில் ஓபிரையனும் உடனாய்வாளர்களும் மனிதர்களையே ‘டிப்பர்’ (அழுத்தம் இறங்குபவர்), ‘நான்-டிப்பர்’ (போதிய அளவு இறங்காதவர்) என்று பிரித்து எழுதினார்கள். அதைப் பின்பற்றி நாம் ‘தணியர்’, ‘தணியார்’ என்று ஆக்கக் கூடாது. 24 மணி நேர இரத்த அழுத்த அளவீட்டை வேறொரு நாளில் மறுபடி எடுத்தால் அதே ஆள் அடுத்த வகைக்குப் போய்விடுவது சாதாரணம். பகைமனப்பான்மை போன்ற ஆளுமைக்கூறு ஆண்டுக்கணக்கில் நிற்பது. தணிவு அந்த உறக்கத்துக்கு உரியது. இரண்டுக்கும் உள்ள உறவை ஆராயும் கட்டுரையில் தணிவையும் ஆளின் குணம்போல் எழுதினால் ஆய்வின் கேள்வியே மறைந்துவிடும். ‘நான்-டிப்பர்’ என்பதற்குக் ‘குறைதணிவு காணப்பட்டவர்’ என்பது நீளம்தான், ஆனால் சரி.

மற்றவை எளிது: இறக்கம் 10 விழுக்காட்டுக்கும் குறைவாக இருந்தால் குறைதணிவு, 20க்கு மேல் மிகைத்தணிவு. இறங்காமல் ஏறினால் ‘தலைகீழ்த் தணிவு’ என்று சுற்றி வளைக்காமல் ‘உறக்க ஏற்றம்’ என்போம்.

‘பகைமனப்பான்மை’யைவிடச் சுருக்கமான சொல் இருந்தால் தெரிவியுங்கள். ‘பகைமை’ எனக்குப் போதவில்லை. அது இருவருக்கு இடையே உள்ளது, இங்கே ஒருவர் உலகத்தையே ஐயத்தோடு பார்க்கும் இயல்பைக் குறிக்க வேண்டும்.